சீரகத் தண்ணி

அவங்க பேரை நான் சொல்லப் போறதில்ல. சொன்னா தண்டையார்பேட்டைல பாதிப் பேரு, "அய்ய, அவங்களா? தங்கமான மனுஷியாச்சே"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. அதைக் கேக்கற தெம்பு எனக்கில்ல. இப்போ அவங்க இவங்கன்னு மரியாதையா சொல்றதுகூட பழக்கதோஷம்தான். வாய் பழகிருச்சு, மாத்த முடில.

எங்க போனாலும் கைல ஒரு எவர்சில்வர் பாட்டில் இருக்கும். அதுல வெதுவெதுன்னு சீரகத் தண்ணி. யாராச்சும் அழுதாலோ, கத்துனாலோ, கோவத்துல ஒடம்பு ஆடுனாலோ, அவங்க மொதல்ல மணிக்கட்டப் புடிப்பாங்க. இறுக்கி இல்ல, நாடி பாக்கற மாதிரி. "மூச்ச வுடு கண்ணு. மெதுவா. எதுவும் எங்கியும் ஓடிப் பூடாது"ம்பாங்க. அப்பால பாட்டில் மூடில தண்ணிய ஊத்தி நீட்டுவாங்க. எப்பேர்ப்பட்ட ரவுடியும் அத வாங்கிக் குடிச்சுட்டுக் குந்திருவான். என் கண்ணால பாத்துருக்கேன்.

மொதமொதல்ல பாத்தது ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல. என் தம்பிக்கு இழுப்பு. சின்ன வயசுலேந்து மார்கழி வந்தா அவனுக்கு நெஞ்சு விசிலடிக்கும். அவன ஒக்கார வெச்சுட்டு டோக்கனுக்கு நிக்கறேன், பக்கத்துல ஒரு ஆட்டோக்காரரு பிளாஸ்டிக் சேரத் தலைக்கு மேல தூக்கிட்டாரு. உள்ள பொண்டாட்டி வலியில துடிக்குது, டாக்டர் இன்னும் வர்ல. "இன்னாடா நெனச்சுகினு கீறீங்க, மனுசன்னா அவ்ளோ எளக்காரமா பூட்சா?"ன்னு கத்தறாரு. வாட்ச்மேன் நைசா வெளிய நழுவிட்டாரு. அங்க ரிசப்ஷன்ல வேல பாத்துகினு இருந்த இவங்க, மேசையச் சுத்திகினு நேரா அவர்கிட்ட போனாங்க. தூக்குன கையோட மணிக்கட்டு. "சேர கீழ வெச்சுட்டு என்ன அடி நைனா, கை வலிக்கப் போவுது." அந்தாளு அழுதுட்டாரு. மூடியில தண்ணி வாங்கிக் குடிச்சாரு. டாக்டர் அதுக்கப்புறமும் ரொம்ப நேரம் வர்ல, அது வேற கத. ஆனா அந்தாளு அப்பால ஒரு சத்தம் போடல.

தம்பிக்கும் ஒரு மூடி ஊத்திக் குடுத்தாங்க. வெளிய வரசொல்லோ அவன் என்கிட்ட, "அந்தக்கா கைல இன்னாமோ மந்திரம் கீதுக்கா"ன்னான்.

கொஞ்ச நாள் கழிச்சு நான் கவுன்சிலிங் டிப்ளமோவுல சேந்தேன். நான் ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கு. ஹெச்.எம். மேடம், "அந்த சர்டிபிகேட் மட்டும் இருந்தா பசங்ககிட்ட பேசற வேலைக்கு உன்னையே போட்டுரலாம்மா"ன்னு ஆச காட்டிட்டாங்க. தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். "நீ கவுன்சிலிங் பண்ணா, அழுதுகினு வர்றவன் தெறிச்சு ஓடிருவான்"னான். என் வாயி அப்படி. ஆனா ஞாயித்துக்கெழம தவறாம பைக்ல கொண்டாந்து வுட்டது அவன்தான். கிளாஸ் ஒரு பழைய பில்டிங்கோட மொட்ட மாடில, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம். ஹார்பர் லாரி போனா போர்டே ஆடும். மொத நாள் உள்ள நொழஞ்சா, முன் பெஞ்சுல பாட்டிலோட இவங்க குந்திகினு கீறாங்க.

சார் மாதவரத்துலேந்து பஸ் புடிச்சு வருவாரு, ஒல்லியான மனுஷன். "நாம அட்வைஸ் குடுக்கக் கூடாது. கேக்கணும். கேக்கறது மட்டும்தான் நம்ம தொழில்"னு வாராவாரம் கெஞ்சுவாரு. எங்க ஏரியாலயா? இங்க ஒருத்தன் தும்மினா டீக்கடைல குந்திகினு கீறவன்லாம் வைத்தியம் சொல்வான். மூணு மூணு பேரா ஒக்கார வெச்சு பிராக்டிஸ் குடுப்பாரு. ஒருத்தர் மனசுல கீறதச் சொல்லணும், ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் பாக்கணும். வியாசர்பாடிலேந்து வந்த ஒரு அம்மா, எதிர்ல குந்துன பொண்ணு "எங்க வூட்டுக்காரரு குடிச்சுட்டு..."ன்னு வாயத் தொறந்த ஒடனே, "அவன வுட்டுட்டு வாம்மே, நாங்க பாத்துக்கறோம்"னுச்சு. சார் தலைல கை வெச்சுகினாரு. நானும் அதே கேசுதான். "நீ கவுன்சிலிங் பண்றியா, பஞ்சாயத்து பண்றியாம்மா?"ன்னு கேட்டாரு.

இவங்க மட்டும் வேற. எதிர்ல ஒருத்தர் பேசறப்போ ஒரு வார்த்த குறுக்க வுட மாட்டாங்க. "ம்"ம்பாங்க. அந்த "ம்"முல "நான் கீறேன், நீ சொல்லு"ன்னு இருக்கும். எதிராளி சொன்ன கடைசி வார்த்தைய எடுத்து அவங்ககிட்டயே திருப்பிக் குடுப்பாங்க. "தனியா பூட்ட மாதிரி கீது." "தனியா..." அவ்ளோதான், மடை தொறந்துரும். அப்பறம் அந்த சும்மா இருக்கறது கீதே, நமக்கெல்லாம் வராது. சார் எங்களப் பாத்து, "பாத்துக்கோங்க, சைலன்ஸ்னா இது"ம்பாரு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு, பிரியமாவும் இருந்துச்சு. மெய்யாலுமே சொல்றேன், அப்போ எனக்கு ஒரு அக்கா இருந்தா இப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன்.

ஒருநாள் டீ குடிக்கறப்போ கேட்டேன், "யக்கா, அந்தத் தண்ணில இன்னாதான் கீது?"

"சீரகம்தான்டி. வேற ஒரு மண்ணும் இல்ல"ன்னு சிரிச்சாங்க. "வாய்ல தண்ணி கீறப்போ எவனாலயும் கத்த முடியாது. அவன் முழுங்கறதுக்குள்ள நாம பேசி முடிச்சுரணும். அவ்ளோதான் வித்தை."

நானும் சேந்து சிரிச்சேன். டீய மூக்குல ஏத்திகினு சிரிச்சேன்.

ஒவ்வொரு கிளாசும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சார் எங்களக் கைய தூக்கச் சொல்வாரு. "இந்த ரூம்ல பேசறது இந்த ரூம்லயே இருக்கும்." எல்லாரும் திருப்பிச் சொல்லணும். அத நம்பித்தான் அங்க சனங்க வாயத் தொறந்தாங்க. ஒரு தெரு விசயம் பக்கத்துத் தெருவுக்குத் தெரியாம இருக்கற எடமா இது?

ஒரு வாரம் நான் பேசற ஆளு, அவங்க கேக்கற ஆளு. பொய்யா ஒரு கத சொல்லிட்டுப் போலாம்னுதான் குந்துனேன். அவங்க "ம்"னாங்க. அப்பா செத்தது வந்துருச்சு.

எங்கப்பா ஹார்பர்ல லோடுமேன். வேல முடிஞ்சு வந்து படுத்தவரு எழுந்துக்கல. பெரியப்பா பம்பாய்லேந்து வரணும்னு, ஐஸ் பெட்டி கொண்டாந்து அதுல வெச்சாங்க. எங்கம்மா அந்தக் கண்ணாடி மேல கைய வெச்சுகினே குந்தியிருந்துச்சு. உள்ள ஈரம் பூத்துக்கும், அம்மா வெளிலேந்து தொடச்சுகினே இருக்கும். "அந்தாளுக்குக் குளிரே ஆவாதுடி, ஃபேன் போட்டாலே இழுத்துப் போத்திக்கும்"னு திரும்பத் திரும்ப அதையே சொல்லுச்சு. அதுலேந்து எங்க வூட்டு ஃப்ரிட்ஜுல ஐஸ் தட்டு கெடையாது, அம்மா தூக்கிப் போட்டுருச்சு. தம்பிக்கும் அப்பா மாதிரியே குளிரு ஆவாது. அவ்ளோ பெரிய ஆம்பளைக்கு, மார்கழில நெஞ்சுல துண்டு கட்டி வுடும். "எங்கம்மா எதுக்கும் அசையாதுக்கா. ஆனா ஐஸ்னு ஒரு வார்த்த சொன்னா ஒடஞ்சுரும்"னு சொல்லிட்டு அழுதேன்.

அவங்களும் அழுதாங்க. நடிப்பில்ல அது. கண்ணு செவந்து, மூக்கு ஒழுகி அழுதாங்க. மணிக்கட்டப் புடிச்சு, மூடியில தண்ணி குடுத்தாங்க. எனக்கு மனசு அவ்ளோ லேசா இருந்துச்சு அன்னிக்கு.

கோர்ஸ் முடியறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு வேல கெடச்சுருச்சு. எண்ணூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனில, தொழிலாளிங்களுக்கும் சுத்துவட்டார சனங்களுக்கும் கவுன்சிலர். ஏழு மல ஏறிப் பெருமாளப் பாத்துட்டு வந்தவங்க மாதிரி மூஞ்சி பூரா சிரிப்பு, கிளாசுக்கே லட்டு வாங்கிகினு வந்தாங்க. "நம்ம சனங்களுக்கு நம்மாளே போய் ஆறுதல் சொல்றது நல்லதுதானேடி?" நல்லதுதான்னு நானும் சொன்னேன். என் தம்பி அந்தக் கம்பெனிலதான் கான்ட்ராக்ட்ல பெயின்ட் அடிச்சுகினு இருந்தான். டேங்க்கு மேல, சாரம் கட்டி. "நம்ம கம்பெனிக்கே வந்துட்டியாக்கா, சோக்கா போச்சு. எனக்கு எதுனா டென்சன்னா ஒன்கிட்ட வந்து குந்திக்கறேன்"னான்.

கொஞ்ச நாள்ல, கம்பெனிக்குப் பக்கத்துல கீற நெட்டுக்குப்பத்துப் பொம்பளைங்க குடத்த வெச்சு ரோட்ட மறிச்சாங்க. எதோ காத்து நாறுது, புள்ளைங்களுக்குக் கண்ணு எரியுதுன்னு. போன்ல யாரோ வீடியோ அனுப்புனாங்க. அதுல இவங்க. தரைல குந்திகினு, ஒவ்வொருத்தியா கையப் புடிச்சு, மூடியில தண்ணி ஊத்திக் குடுத்துகினு கீறாங்க. மத்தியானத்துக்குள்ள குடமெல்லாம் வூட்டுக்குப் பூட்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம கேட்டேன், "அவங்க கேட்டது கெடச்சுதாக்கா?"

"கெடைக்கறது கெடைக்காதது நம்ம கைல கீதா? மனசு லேசாச்சுல்ல, அதச் சொல்லு."

நாத்தம் போச்சான்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அவங்க சாப்புடுன்னு டிபன் டப்பாவத் தொறந்துட்டாங்க.

தம்பி விழுந்துட்டான்னு எனக்கு ஸ்கூலுக்குத்தான் போன் வந்துச்சு. சாரத்துலேந்து. கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. என் தம்பி. "தெறிச்சு ஓடிருவான்"னு சிரிச்சவன்.

கான்ட்ராக்டர் ஆளு ஒருத்தன் வந்து, "சேஃப்டி பெல்ட் குடுத்துருந்தோம், அவருதான் மாட்டல. ஏறறப்போ லேசா சரக்கு ஸ்மெல்லு வேற"ன்னான். கூட வேல செஞ்சவங்க அவன அடிக்கப் பாஞ்சுட்டாங்க. பெல்ட்டெல்லாம் ரூம்ல பூட்டிதான் கீது, இன்ஸ்பெக்‌ஷன் வந்தாத்தான் வெளிய வரும், எங்க யாருக்குமே குடுத்ததில்லன்னு அத்தினி பேரும் சொன்னாங்க. என் தம்பி குடிக்கவே மாட்டான். இழுப்புக்காரன், பீடி பொகைக்கே தள்ளி நிப்பான்.

அதனால பாடிய வாங்க மாட்டோம்னு குந்திட்டோம். இதப் படிக்கற சில பேருக்கு அது அசிங்கமாக்கூட இருக்கும், பெத்த புள்ளைய மார்ச்சுவரில போட்டுட்டு வாசல்ல குந்துறதான்னு. எங்க கைல வேற இன்னா கீது? பெல்ட் குடுக்கலன்னு போலீஸ்ல கான்ட்ராக்டர் மேல எழுதணும். அவ்ளோதான் கேட்டோம். சங்கத்துத் தோழர் ஒருத்தர் தெளிவா சொன்னாரு, "பாடிய வாங்கிட்டா அவ்ளோதாம்மா. கூட்டம் கலஞ்சுரும். நாளைக்கு வேல வேணும்ல, இன்னிக்கு சாட்சி சொல்றேன்றவன் எவனும் அப்பால வாயத் தொறக்க மாட்டான்." தம்பிக்குக் கல்யாணம் ஆவல. கையெழுத்து போட வேண்டியது அம்மா. அம்மா ஒரு சொட்டு அழாம, "எம் புள்ளைய குடிகாரன்னு சொன்னவன் வந்து இல்லன்னு சொல்லட்டும்"னு வேப்பமரத்தடில குந்தியிருந்துச்சு. மறுநாளு மத்தியானம் இன்ஸ்பெக்டரே எறங்கி வந்து, "சாயங்காலம் வரைக்கும் பொறுங்க, பேசிகினு கீறோம்"னாரு. அவ்ளோ தூரம் வந்துட்டோம்.

அப்போ ஷேர் ஆட்டோல வந்து எறங்குனாங்க. கம்பெனி கார்ல வர்ல. கழுத்துல அட்டை கெடையாது. காட்டன் பொடவ, கைல பாட்டில். என்னக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. நானும் அக்கான்னு அழுதேன். நம்மாளு வந்துட்டாங்கன்னு நெனச்சேன், கேட்டுக்கோங்க.

அப்பால அம்மா பக்கத்துல மண்ணுல குந்துனாங்க. ஒண்ணும் பேசல. மணிக்கட்ட மட்டும் புடிச்சுகினாங்க. சைலன்ஸ். ரொம்ப நேரம் கழிச்சு அம்மாவே, "நேத்து காலைல கூட இட்லி சாப்ட்டு போனான்மா"ன்னுச்சு. "சாப்ட்டு போனான்..."ன்னாங்க. அம்மா அழ ஆரம்பிச்சுச்சு. ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியுது. இது சார் மொத மாசம் நடத்துனது, இது ரெண்டாவது மாசம். நல்லா செய்றாங்கன்னு கூட ஒரு பக்கம் தோணுது, பாருங்க என் புத்திய.

அப்பதான் அவங்க அம்மா காதுகிட்ட குனிஞ்சு, ரொம்பப் பிரியமா சொன்னாங்க. "யம்மா. தம்பிக்குக் குளிரு ஆவாதேம்மா. உள்ள ஐஸ்ல கெடக்கானே."

எங்கம்மா மூஞ்சி போன போக்க நான் சொல்ல மாட்டேன்.

நான் எழுந்துட்டேன். "யக்கா! அது நம்ம ரூம்ல பேசுனது"ன்னு கத்துனேன். நாக்கு ஒட்டிகினு சரியா வார்த்தகூட வர்ல, காலைலேந்து பச்சத் தண்ணி குடிக்கல நானு. அவங்க திரும்பி என் மணிக்கட்டப் புடிச்சாங்க. "மூச்ச வுடு கண்ணு. மெதுவா." மூடிய நீட்டுனாங்க. பழக்கம். தாகம். வாங்கி வாய்ல ஊத்திட்டேன். வாய் பூரா தண்ணி. அத முழுங்கி முடிக்கறதுக்குள்ள எங்கம்மா எழுந்து, முந்தானைய இழுத்துச் சொருவிகினு, மார்ச்சுவரி வாசல்ல நின்னுச்சு. "எம் புள்ளையக் குடுங்கய்யா. எங்க கையெழுத்து போடணும்?"

தோழர் சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. காரியம் முடியறதுக்குள்ள கூட வேல செஞ்சவங்க ஒவ்வொருத்தரா, நான் அந்தப் பக்கம் இருந்தேன், நான் பாக்கலன்னுட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவமில்ல, அவங்களுக்கும் புள்ளைங்க கீது. பெல்ட் போடாதது அவனோட அஜாக்கிரதைன்னு எழுதி மூடிட்டாங்க. குடிச்சிருந்தானான்றது மட்டும் "தெரியவில்லை"ன்னு வுட்டுட்டாங்க, பெரிய மனசு பண்ணி.

நான் கடைசி பிராக்டிகலுக்குப் போகல. சர்டிபிகேட்டும் வாங்கல. ஒருநாள் திருவொற்றியூர் தேரடில பஸ்ஸுக்கு நிக்கறப்போ அவங்களே என்னப் பாத்துட்டு வந்தாங்க. நான் மரியாதையெல்லாம் வுட்டுட்டு, "யாருக்காக பண்ண அத?"ன்னு கேட்டேன்.

"அம்மா அன்னிக்கு நைட்டு தூங்குச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு"ன்னாங்க. "அந்த வயசுல, அந்த வெயில்ல, புள்ள உள்ள கெடக்கசொல்லோ இன்னும் எத்தினி நாளு குந்த வெச்சுருப்ப? தோழருங்களுக்கு ஒரு பிணம் வேணும். ஒனக்குக் கோவத்துக்கு ஒரு எடம் வேணும். அம்மாவப் பத்தி யாருனா யோசிச்சீங்களா? நான் யோசிச்சேன்."

அதுல பாதி நெசம். அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

"யாரு அனுப்புனாங்க ஒன்ன?"ன்னேன்.

அவங்க பதில் சொல்லல. என்னையே பாத்துகினு நின்னாங்க, கண்ணுல அவ்ளோ கனிவு. சார் பாத்துருந்தா சைலன்ஸ்னா இதுன்னு சொல்லியிருப்பாரு. என் மணிக்கட்டுக்குக் கை வந்துச்சு. நான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிகினேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

எங்கம்மா இன்னிக்கும் வூட்டுக்கு யாரு வந்தாலும் சொல்லும். "அந்தப் பொண்ணு மட்டும் வர்லனா எம் புள்ள இன்னும் ஐஸ்லயே வெறச்சுகினு கெடந்துருப்பான். பெத்த எனக்குத் தோணல, அவளுக்குத் தோணுச்சு பாரு. கடவுளு சொல்லி அனுப்புச்சுருக்கு." நான் சமையக்கட்டுல நின்னு கேட்டுகினு இருப்பேன். கடவுளு சொல்லலம்மா, நான் சொன்னேன், ஒரு ஞாயித்துக்கெழம மொட்ட மாடி ரூம்லன்னு ஒருநாள் கத்திரலாம். கத்துனா அதுக்கப்பறம் அம்மாகிட்ட இன்னா மிஞ்சும்? அத நெனச்சுதான் அது தூங்குது. அந்த ரூம்ல கைய தூக்கிச் சத்தியம் பண்ண அத்தினி பேர்ல, இன்னிய வரைக்கும் அதக் காப்பாத்திகினு கீறது நான் ஒருத்திதான்.

கேச மறுபடி எடுக்கச் சொல்லி லேபர் ஆபீசுக்கு லீவு போட்டு லீவு போட்டு அலயறேன். கத்திட்டுதான் வருவேன். வூட்டுக்குள்ள நொழயறப்பவே அம்மாவுக்கு என் மூஞ்சி தெரிஞ்சுரும். அந்தப் பொண்ணுகிட்ட கத்துகினது, இப்போ தெனமும் அடுப்புல சீரகத் தண்ணி காயுது. சொம்புல ஊத்தி, ஆத்தி, கைல குடுக்கும். "இன்னாத்துக்கு இப்பிடி கொதிச்சுப் போய் வர்ற? இந்தா, குடி. மூச்ச வுடு."

நான் அத வாங்கிகினு பின்னாடி போவேன். தொட்டிகிட்ட நின்னு, சத்தம் கேக்காம, அவ்ளோத்தையும் கீழ ஊத்துவேன்.

"குடிச்சுட்டேம்மா"ம்பேன்.